கரிசலாங்கண்ணி

வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் தானாக முளைக்கும், சூரியகாந்திக் குடும்பத்துச் சிறு செடி. கரிசாலை, கையாந்தகரை என்றும் பெயர், ஆயுர்வேதத்தில் பிருங்கராஜம். தாவரவியல் பெயர் எக்லிப்டா புரோஸ்ட்ராட்டா. வெள்ளைப் பூப் பூப்பதே இது. மஞ்சள் பூப் பூக்கும் மஞ்சள் கரிசாலை வேறு இனம்.

இலையைக் கசக்கினால் பச்சைச் சாறு சற்று நேரத்தில் கறுத்து விரலில் கறையாக ஒட்டும். முடியைக் கறுப்பாக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்தக் கறையும் காரணமாக இருக்கலாம். சாற்றைத் தேங்காய் எண்ணெயில் ஊற்றி இளந்தீயில் காய்ச்சுவார்கள். சடசடப்பு அடங்கி, கசண்டு மெழுகுபோல் திரண்டால் இறக்கும் பதம்.

ஆண்களின் வழுக்கைக்கு இது மருந்தாகுமா? நெற்றியோரமும் உச்சியும் வெறுமையாவது பரம்பரையாலும், டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் மயிர்க்கால்களைச் சுருக்குவதாலும். கரிசாலைச் சாறு எலிகளில் முடி வளர்ச்சியைத் தூண்டியதாக ஆய்வுகள் உண்டு. மனிதரின் வழுக்கையை மாற்றும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. எண்ணெய் முடியின் வறட்சியையும் உடைவையும் குறைக்கும்; அந்த அளவில் நல்லதே. சான்றுள்ள முக்கிய மருந்துகள் மினாக்சிடிலும் ஃபினாஸ்டரைடும். மயிர்க்கால் முற்றிலும் சுருங்கிவிட்டால் அவற்றாலும் பெரும்பயன் இல்லை. எனவே எண்ணெய் தேய்த்தே ஆண்டுகளைக் கடத்தாமல், உதிரத் தொடங்கும்போதே தோல் மருத்துவரைப் பாருங்கள்.