அழைப்பிலிருந்து பிறந்த நூல்கள்

உர்தூ வழங்கும் ஊர்களில் 'குத்பாத்தே மத்ராஸ்' என்னும் நூலை அறியாத புத்தகக் கடை அரிது. மதராஸ் நகரைக் கண்ணாற் கண்டிராத இலட்சக்கணக்கான மக்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்க்கையைப் பற்றிய ஒரு நூலின் பெயரிலேயே நம் தலைநகரின் பெயரை உச்சரித்து வருகின்றனர். நகருக்கு இப்பெருமை எவ்வாறு வந்தது? சொற்பொழிவாற்றியவர் அல்லாமா ஸையித் சுலைமான் நத்வீ அவர்கள் என்பதை வாசகர் பலரும் அறிவர். ஆனால் அவர்களை அழைத்தவர்கள் யார், எதற்காக அழைத்தார்கள், அழைத்துவிட்டு என்ன பாடுபட்டார்கள் என்பதை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. இக்கட்டுரையில் நாம் பேசப் புகுவது மேடையில் நின்றவர்களைப் பற்றி மட்டுமன்று. மேடையை அமைத்தவர்களைப் பற்றியும்தான்.

நத்வீ அவர்கள் தம் நூலின் முன்னுரையில் இதன் தோற்றத்தைக் குறித்துள்ளார்கள். அமெரிக்கக் கிறிஸ்தவர் ஒருவரின் பொருளுதவியால், மதராஸ் பல்கலைக்கழக மாணவர்களுக்காக ஈஸா நபி அவர்களின் வாழ்வையும் கிறிஸ்தவ சமயத்தையும் பற்றி அறிஞர்களைக் கொண்டு சொற்பொழிவுகள் நடந்து வந்தன. அதனைக் கண்ட முஸ்லிம் பெருமக்கள் சிலருக்கு, நம் பிள்ளைகளுக்கும் இவ்வாறு ஓர் ஏற்பாடு வேண்டாவா என்ற எண்ணம் எழுந்தது. பொறாமையில் பிறந்த எண்ணம் என்று இதைக் கூறுதல் பொருந்தாது. பக்கத்து வீட்டில் விளக்கெரிவதைக் கண்டு நம் வீட்டிலும் விளக்கேற்ற நினைப்பது நல்ல குணமே.

எண்ணியதைச் செயலாக்கியது தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கம். 1902இல் தோன்றிய இச்சங்கமே பிற்காலத்தில், 1951இல், இராயப்பேட்டையில் புதுக்கல்லூரியை நிறுவியது. பொருளுதவியில் முன்னின்றவர் தோல் வாணிபத்தில் புகழ்பெற்ற ஜமால் முஹம்மது சாகிப் அவர்கள். பெரம்பூர் ஜமாலிய்யா அரபிக் கல்லூரியும் திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியும் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கின்றன. 1931இல் இலண்டனில் கூடிய இரண்டாம் வட்டமேசை மாநாட்டிலும் அவர்கள் கலந்துகொண்டார்கள். ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் விற்ற காசு தத்துவ விசாரணைக்குச் செலவாயிற்று என்பதை எண்ணும்போது நமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டாகாமற் போவதில்லை.

ஆண்டுக்கொரு சொற்பொழிவுத் தொடர் நடத்துவதென்றால் கேட்பதற்கு எளிதாய்த் தோன்றும். ஏதேனும் ஒரு சங்கத்தில் பொறுப்பேற்றுப் பார்த்தவருக்கே அதன் சுமை தெரியும். பொருள் எது, அதற்குரியவர் யார் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். கற்றறிந்தவர் எவரும் வேலையற்று இருப்பதில்லை. ஆகவே ஓராண்டுக்கு முன்பே எழுதிக் கேட்க வேண்டும். இரயில் கட்டணம், தங்குமிடம், மண்டபம், அறிவிப்பு, தலைமை தாங்குவோர் என்று ஒவ்வொன்றையும் ஒருவர் கவனிக்க வேண்டும். பேசி முடித்த பின் எழுத்துப்படியைப் பெற்று அச்சேற்ற வேண்டும். பிறகு கணக்கு. கணக்கு முடிவதற்குள் அடுத்த ஆண்டு வந்து நிற்கும்.

முதலில் அழைக்கப்பெற்ற நத்வீ அவர்களின் நிலையைப் பார்ப்போம். அன்னாரின் ஆசிரியர் அல்லாமா ஷிப்லி நுஃமானீ 1914 நவம்பரில் காலமானார்கள். ஆசிரியர் கனவு கண்ட 'தாருல் முஸன்னிஃபீன்' என்னும் ஆய்வு நிலையத்தை ஆஜம்கட் நகரில், ஆசிரியர் விட்டுச் சென்ற வீட்டிலும் மாந்தோப்பிலும், மாணவர்கள் கூடி நிறுவினார்கள். 1916 முதல் அங்கிருந்து 'மஆரிஃப்' என்னும் மாத இதழ் வெளிவரத் தொடங்கியது. ஆசிரியர் முடிக்காமல் விட்ட 'ஸீரத்துன் நபீ' பெருநூலைத் தொடர்ந்து எழுதும் பொறுப்பும் நத்வீ அவர்களின் தோளிலேயே விழுந்தது. மாதந்தோறும் இதழ், இடையறாத நூற்பணி, நிலையத்தின் நிர்வாகம் ஆகிய இத்தனைக்கும் நடுவேதான் மதராஸ் அழைப்பு வந்து சேர்ந்தது.

1925 அக்டோபர், நவம்பர் மாதங்களில் லாலி மண்டபத்தில் 8 சொற்பொழிவுகள் நிகழ்ந்தன. ஒருவருடைய வாழ்க்கை உலகுக்கெல்லாம் முன்மாதிரியாக வேண்டுமாயின் அது வரலாற்றில் உறுதிபெற்றதாக இருத்தல் வேண்டும். குறைவின்றி முழுமையாகத் தெரிந்ததாக இருத்தல் வேண்டும். வாழ்வின் எல்லாத் துறைகளையும் தழுவியதாக இருத்தல் வேண்டும். சொல்லோடு நில்லாமல் செயலிலும் காட்டப்பெற்றதாக இருத்தல் வேண்டும். இந்நான்கு உரைகற்களையும் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வை உரசிக் காட்டினார்கள் நத்வீ அவர்கள். ஹதீஸை அறிவித்தோரின் வரலாற்றை ஆராயும் 'அஸ்மாவுர் ரிஜால்' கலையைப் பற்றி அவர்கள் விரித்துரைத்த பகுதி, கல்லூரி மாணவனுக்கும் விளங்கும், ஆலிமுக்கும் விருந்தாகும். பல பாகங்களில் விரியும் 'ஸீரத்துன் நபீ'யைப் படிக்க இயலாதவர்கள் கையடக்கமான இந்நூலில் அதன் சாரத்தைப் பெற்றார்கள். இது மதராஸ் சங்கம் விதித்த எல்லையால் விளைந்த நன்மை என்றே நாம் கருதுகிறோம். எட்டு மாலைகளுக்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்ற நெருக்கடி இல்லாதிருந்தால், அத்தகைய பேரறிஞர் இத்துணைச் சுருக்கமாக ஒரு நூல் தந்திருப்பார்களா என்பது ஐயமே.

அடுத்துக் குறிப்பிடத்தக்கவர் மர்மடியூக் பிக்தால் அவர்கள். ஆங்கிலேயப் பாதிரியார் குடும்பத்தில் பிறந்து, நாவலாசிரியராகப் புகழ்பெற்று, 1917இல் இஸ்லாத்தைத் தழுவியதை வெளிப்படையாக அறிவித்தவர். 1925 முதல் ஹைதராபாத்தில் நிஜாம் அரசின் கல்விப் பணியில் இருந்தமையால் இவரை அழைப்பதில் தூரத்தின் தொல்லை இல்லை. இஸ்லாமியப் பண்பாட்டைப் பற்றி இவர் ஆங்கிலத்தில் நிகழ்த்திய சொற்பொழிவுகள் 1927இல் மதராஸிலேயே நூலாக வெளிவந்தன. பின்னர் 1930இல் வெளியான இவருடைய குர்ஆன் ஆங்கில மொழிபெயர்ப்பின் புகழ், இந்நூலைச் சற்றே மறைத்துவிட்டது.

மூன்றாமவர் அல்லாமா இக்பால் அவர்கள். இங்கேதான் அழைத்தவர்களின் பொறுமை சோதிக்கப்பட்டது.

1924 இறுதியில் லாகூரில் 'இஜ்திஹாத்' பற்றி இக்பால் அவர்கள் ஒரு கட்டுரை படித்தார்கள். அது எதிர்ப்பையும் கண்டனத்தையும் எழுப்பியது. மார்க்க விஷயத்தில் சர்ச்சைக்குள்ளான ஒருவரை அழைப்பதற்கு எந்தச் சங்கமும் தயங்கும். நன்கொடையாளர் முகம் சுளிப்பாரோ என்ற அச்சமே பலரைத் தடுத்துவிடும். மதராஸ் முஸ்லிம் சங்கம் தயங்கவில்லை. சொற்பொழிவுகளுக்கு வருமாறு கேட்டது. கவிஞரும் இசைந்தார்கள். ஆனால் வழக்கறிஞர் தொழிலும் அரசியற் பணிகளும் இருந்த நிலையில் எழுதும் வேலை மெல்லவே நடந்தது. 1928 டிசம்பர் இறுதியில் தில்லியில் கூடிய அனைத்திந்திய முஸ்லிம் மாநாட்டில் கலந்துகொண்டு, அங்கிருந்து பம்பாய் வழியாக 1929 ஜனவரி 5ஆம் நாள் மதராஸ் வந்து இறங்கியபோது அவர்கள் கையில் இருந்தவை மூன்று சொற்பொழிவுகள். நூலாக முற்றுப்பெற இன்னும் மூன்று எழுதப்பட வேண்டியிருந்தன.

கணக்கையே கண்ணாகக் கொண்ட செயலாளர் ஒருவர் அன்று இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நாம் கற்பனை செய்து பார்ப்பதுண்டு. செலவு முழுமையானது; சரக்கு பாதிதானே என்று கேட்டிருப்பார். மதராஸில் அவ்வாறு எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆர்மீனியன் தெருவிலுள்ள கோகலே மண்டபத்தில் மூன்று மாலைகள் சொற்பொழிவு நடந்தது. 7ஆம் நாள் மதராஸ் முஸ்லிம் பெண்மணிகளின் சங்கம் ஒன்று வரவேற்பிதழ் வாசித்தளித்தது. அதற்கு மறுமொழியாகப் பெண்களின் உரிமைகள் பற்றிக் கவிஞர் பேசினார்கள். மறுநாள் பெங்களூருக்குப் பயணமானார்கள். மைசூர் நாட்டில் ஸ்ரீரங்கப்பட்டணம் சென்று திப்பு சுல்தான் அடக்கத்தலத்தில் நின்றார்கள். அதன்பின் ஹைதராபாத்.

எஞ்சிய மூன்றையும் எழுதி முடித்து, 1929 நவம்பரில் அலிகரில் ஆறு சொற்பொழிவுகளையும் நிகழ்த்தினார்கள். 1930இல் அவை லாகூரில் நூலாயின. பிறகு இலண்டனில் நிகழ்த்திய ஓர் உரையையும் ஏழாவதாகச் சேர்த்து 1934இல் ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பகம் வெளியிட்டது. எதிர்ப்புக்குள்ளான 'இஜ்திஹாத்' பொருளும் ஆறாம் சொற்பொழிவாக அதில் இடம்பெற்றது. இஸ்லாமியச் சமயச் சிந்தனையை மீண்டும் கட்டமைப்பது பற்றிய அந்நூல் இன்று உலகின் பல்கலைக்கழகங்களில் பயிலப்படுகிறது. முன்னுரையில் கவிஞர் மறவாமல் எழுதினார்கள்: மதராஸ் முஸ்லிம் சங்கத்தின் வேண்டுகோளின் பேரில் மேற்கொள்ளப்பட்டவை இவை என்று. பாதிச் சரக்கைப் பெற்றுக்கொண்டு முழுச் செலவு செய்த சங்கத்திற்குக் கிடைத்த வருமானம் அந்த ஒரு வரி.

இவ்வளவும் பெருமைதான். ஆயினும் நெஞ்சில் முள்ளாய் உறுத்தும் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியவில்லை. நத்வீ அவர்கள் பேசியது உர்தூவில். பிக்தால் அவர்களும் இக்பால் அவர்களும் பேசியது ஆங்கிலத்தில். மூன்று தொடர்களில் ஒன்றேனும் தமிழில் இல்லை. இவை நிகழ்ந்த நகரைச் சூழ்ந்த மாகாணத்திலோ, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்கள் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நாகூரிலும் தஞ்சை நாட்டு ஊர்களிலும் பல நூறு ஆண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். நாயகத்தின் (ஸல்) வாழ்க்கையை உமறுப்புலவரின் சீறாப்புராணம் வழியாக இராகத்தோடு ஓதக் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். செய்யுளில் அறிந்ததை ஆய்வுரைநடையில் கேட்கும் வாய்ப்பு தம் மாகாணத் தலைநகருக்கே வந்தும் அவர்கள் வீட்டுத் திண்ணைவரை வரவில்லை.

அழைத்தவர்களைக் குறை கூறி நாம் எளிதில் தப்பித்துக்கொள்ளக் கூடாது. உர்தூவில் பேசினால் இந்தியா முழுதும் எட்டும். ஆங்கிலத்தில் பேசினால் கல்லூரி மாணவரையும் பிற சமயத்தாரையும் எட்டும் என்பது வலுவான நியாயமே. அந்நியாயத்தின் பயன்தான் அந்நூல்களின் புகழும். அழைக்கப்பட்டவர்களோ தமிழறியாதவர்கள். ஆனால் உரை ஒவ்வொன்றையும் உடனுக்குடன் தமிழாக்கி எட்டுச் சிறு நூல்களாக வெளியிட எவ்வளவு செலவாகியிருக்கும்? இரயில் கட்டணத்தையும் மண்டப வாடகையையும் தாங்கிய பணப்பைக்கு அது பெரும் பாரமாக இருந்திருக்காது. ஆளும் இல்லாமல் இல்லை. அதே ஆண்டுகளில் பா. தாவூத்ஷா அவர்கள் 'தாருல் இஸ்லாம்' இதழை நல்ல தமிழில் நடத்தி வந்தார்கள். பணம் இருந்தது, எழுதும் கையும் இருந்தது, இரண்டையும் இணைக்கும் ஒரு தீர்மானம்தான் வேண்டியிருந்தது. அழைத்தவர்களுள் முதன்மையானவர் தமிழ் பேசும் இராவுத்தர் குடும்பத்தவர் என்பதால் இக்குறை நமக்குச் சற்றுக் கூடுதலாகவே வலிக்கிறது.

திருச்சியில் 1973இல் இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு கூடியபோது, அறிஞர்கள் தமிழிலேயே ஆய்வுரை படிக்க, தமிழ் முஸ்லிம்கள் திரண்டிருந்து கேட்டார்கள். லாலி மண்டபத்துக்கும் அதற்கும் இடையே 48 ஆண்டுகள்.

நாமும் ஒரு சிறிய மன்றத்தின் செயற்குழுவில் சில ஆண்டுகள் இருந்தோம். ஊரையும் பெயரையும் சொல்ல வேண்டாம். வாசகர் பலருக்கு அது தத்தம் ஊர் மன்றம் போலவே தோன்றும். ஓர் ஆண்டு விழாவில் 11 பேர் மார்க்க வரலாறு பற்றிக் கட்டுரை படித்தார்கள். கேட்டவர் எல்லாரும் புகழ்ந்தார்கள். விழா முடிந்து பத்து நாட்களுக்குப் பின் வரவு செலவு வாசிக்கப்பட்டது. பந்தலுக்கு இவ்வளவு, ஒலிபெருக்கிக்கு இவ்வளவு, பிரியாணிக்கு இவ்வளவு, பொன்னாடைக்கு இவ்வளவு என்று பட்டியல் நீண்டது. கட்டுரைகளை அச்சிட என்ன ஒதுக்கப்பட்டது என்று முதியவர் ஒருவர் கேட்டார். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். நாமும் அன்று வாய் திறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் மறு ஆண்டின் பந்தலைப் பற்றிப் பேச நேர்ந்தது.

கட்டுரைகளை ஒரு மஞ்சட்பையில் இட்டு உறுப்பினர் ஒருவர் தம் வீட்டுப் பரண்மேல் வைத்திருந்தார். பல ஆண்டுகள் சென்று நாம் போய்க் கேட்டபோது மனமுவந்து எடுத்துத் தந்தார். இரண்டு கட்டுரைகளைக் கரையான் தின்றிருந்தது. மற்ற ஒன்பதையும் இப்போது படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.