வெண்முறுவலும் அடுப்புக்கரியும்: பல் வெண்மையாக்கம் பற்றிய பொதுநம்பிக்கைகள் – ஒரு வரலாற்று மதிப்பீடு

‘நம் முன்னோர் கரியாலும் உப்பாலும் பல்லை வெண்மையாக்கினர், மேலைநாட்டார் அதனை இகழ்ந்து பற்பசையை விற்றனர், இன்று அதே கரியைப் பசையாக்கி நமக்கே விற்கின்றனர்’ என்னும் கூற்று அண்மைக்காலத்தில் தமிழில் பரவலாக வழங்குகிறது. மேடைப்பேச்சில் தொடங்கி மாணவர்களின் ஒப்படைப்புகள் வரை இக்கூற்று ஆய்வின்றி எடுத்தாளப்படுகிறது. உமிக்கரி, சாம்பல், செங்கற்பொடி ஆகியவற்றால் பல் துலக்கியவர்கள் இன்றும் நம்மிடையே வாழ்வதால் அப்பழக்கம் இருந்ததில் ஐயமில்லை. ஆயின், பழக்கம் இருந்தது என்பது வேறு. அதன் நோக்கம் வெண்மையாக்கம் என்பது வேறு. முன்னதற்குரிய சான்றைப் பின்னதற்குரியதாகக் கொள்வதே இக்கூற்றின் அடிப்படைப் பிழை. இக்கட்டுரை அப்பிழையை இலக்கிய, வரலாற்றுச் சான்றுகளின் வழி ஆராய்கிறது.

உறுதியா, வெண்மையா?

இப்பொருள் குறித்து அதிகம் எடுத்துக்காட்டப்படுவது ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்னும் பழமொழியாகும். பலர் இதனை ஔவையாருடையது எனக் குறிப்பிடினும் இது மக்கள் வழக்கிலுள்ள பழமொழியே. இதிலுள்ள ‘வேல்’ என்பதை வேம்பு எனக் கொள்வோரும் உளர். வேல் என்பது வேலமரம். கருவேலம்பட்டை பற்பொடிகளில் சேர்க்கப்படுவதை நாட்டு மருந்துக் கடைகளில் இன்றும் காணலாம். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்ட சீமைக்கருவேலத்தோடு இதனை இணைப்பதற்கு இடமே இல்லை.

பழமொழி கூறுவது உறுதியை, நிறத்தை அன்று. ஆலும் வேலும் துவர்ப்புச் சுவையுடையன. ஈறு இறுகத் துவர்ப்புப் பொருள் உதவும் என்பது மரபு மருத்துவத்தின் கருத்து. துவர்ப்பைத் தரும் டானின் என்னும் பொருளோ தேநீரில் இருப்பதைப் போலப் பல்லில் கறை படியச் செய்யும் இயல்புடையது. வெண்மையை நாடியவர்கள் துவர்ப்பு மரங்களைத் தேர்ந்திருப்பார்களா என்னும் வினாவை இப்பழமொழியை எடுத்தாள்வோர் எழுப்புவதில்லை.

நூற்சான்றுகளும் இதற்கு அரணாகின்றன. பதினெண்கீழ்க்கணக்கு நூல்களுள் ஒன்றான ஆசாரக்கோவையில் பெருவாயின் முள்ளியார் காலையில் பற்குச்சியால் பல் தூய்மை செய்வதைக் கண்கழுவுதலோடும் தெய்வம் தொழுதலோடும் சேர்த்தே விதிக்கிறார். அங்கு அது நாட்கடன், அழகுக்குறிப்பன்று. பாலி விநயபிடகத்தின் சுல்லவக்கம் பிக்குகளுக்குப் பற்குச்சியை அனுமதிக்கும் இடத்தில் ஐந்து பயன்களைக் கூறுகிறது: கண்ணுக்கு நலம், வாய்நாற்றம் இன்மை, சுவைநரம்புகளின் தூய்மை, பித்தமும் கோழையும் உணவை மூடாமை, உணவில் விருப்பம். சரக சம்ஹிதையும் நாற்றத்தையும் அழுக்கையும் நீக்கிச் சுவையுணர்வைத் தருவதையே பற்குச்சியின் பயனாகச் சொல்கிறது. தமிழ், பாலி, வடமொழி ஆகிய மூன்று மரபுகளைச் சேர்ந்த இவ்விடங்களில் ஒன்றேனும் பல்லின் நிறத்தைப் பயனாகக் குறிக்கவில்லை.

அவ்வாறாயின் சங்க இலக்கியத்தின் வெண்பற்கள் எங்கிருந்து வந்தன? முல்லை அரும்போடும் முத்தோடும் ஒப்பிடப்படும் பற்கள் அகப்பாடல்களில் மிகப் பல. முறுவல், நகை, மூரல், எயிறு என அவற்றிற்கு அமைந்த சொல்வளமும் பெரிது. ஆயினும் அவ்வெண்மை இளமையின் இயல்பாகவே பாடப்படுகிறது. ஒரு பொருளைத் தேய்த்துப் பெற்ற பயனாக அன்று. உவமையிலுள்ள வெண்மையை ஒப்பனைக்குரிய சான்றாகக் கொள்வது, கருங்கூந்தலைப் பாடிய புலவர் சாயம் பூசும் முறைக்குச் சான்று தந்தார் எனக் கொள்வதை ஒக்கும்.

துலக்குதல் என்னும் சொல்

இங்கு ஒரு தடை எழலாம். பல் ‘விளக்குதல்’, பல் ‘துலக்குதல்’ என்னும் வழக்குகளே ஒளிபெறச் செய்தல் என்னும் பொருளுடையன அல்லவா? இது புறந்தள்ளத்தக்க தடையன்று. விளங்கு – விளக்கு, துலங்கு – துலக்கு என்னும் தன்வினை பிறவினை இணைகளில் ஒளி என்னும் பொருள் வெளிப்படையாகவே உள்ளது.

ஆனால் இவ்விரு வினைகளும் பல்லுக்கு மட்டும் உரியனவல்ல. பாத்திரத்தையும் விளக்குகிறோம், குத்துவிளக்கையும் துலக்குகிறோம். வினை ஒன்றாக இருப்பதோடு பொருளும் ஒன்றாகவே இருந்தது. சாம்பல், உமிக்கரி, செங்கற்பொடி ஆகியவை பித்தளைக் குடத்தையும் துலக்கின, பல்லையும் துலக்கின. விளக்கப்பட்ட பித்தளை வெண்மையாவதில்லை. தன் நிறத்தில் ஒளிர்கிறது. எனவே இவ்வினைகள் சுட்டுவது படிந்த அழுக்கு நீங்கி இயல்பான ஒளி தோன்றுதலையே தவிர நிறமாற்றத்தை அன்று. வெண்மையாக்கம் என்பதற்கு நேரான ‘வெளுத்தல்’ என்னும் வினை தமிழில் துணிக்கு வழங்கிற்று; பல்லுக்கு வழங்கவில்லை. வண்ணார் வெளுப்பர், பல்லை யாரும் வெளுப்பதில்லை.

பாத்திரமும் பல்லும் ஒரே பொடியால் துலக்கப்பட்டமையில் மற்றோர் உண்மையும் அடங்கியுள்ளது. இப்பொடிகள் உராய்வால் செயல்படுகின்றன. உமியை முற்ற எரித்துக் கிடைக்கும் சாம்பலில் பெரும்பகுதி சிலிகா ஆகும். அது மேற்கறையை நீக்கும். அதனோடு எனாமலையும் சிறிது சிறிதாகத் தேய்க்கும். எனாமல் மீண்டும் வளர்வதில்லை. அதன் அடியிலுள்ள டென்டின் இயல்பாகவே மஞ்சள் நிறமுடையது. ஆகவே வெண்மை வேண்டி நாள்தோறும் கரியால் அழுத்தித் தேய்ப்பவரின் பல், காலப்போக்கில் மஞ்சளாகவே தோன்றும். 2017இல் அமெரிக்கப் பல்மருத்துவச் சங்க ஆய்விதழில் வெளிவந்த மதிப்பாய்வு ஒன்று, கரி சேர்ந்த பற்பொடிகளின் பயனுக்கும் பாதுகாப்புக்கும் போதிய சான்று இல்லை என முடிவு செய்தது. எலுமிச்சைச் சாற்றைத் தேய்க்கும் அறிவுரை பற்றி அதிகம் கூறத் தேவையில்லை; அமிலம் எனாமலைக் கரைக்கும்.

நிறமூட்டிய பற்கள்

வெண்பல்லே எக்காலத்தும் விரும்பப்பட்டது என்பதும் வரலாற்றுக்குப் பொருந்தாத எண்ணமே. காமசூத்திரம் கூறும் அறுபத்துநான்கு கலைகளுள் பல்லுக்கும் ஆடைக்கும் உடலுக்கும் வண்ணம் ஊட்டுதல் ஒன்றாகும். தக்காணத்திலும் வடநாட்டிலும் பெண்கள் மிஸ்ஸி என்னும் பொடியால் பற்களைக் கருமையாக்கினர். சப்பானில் உயர்குடியினரிடம் வேரூன்றியிருந்த பல் கருமையாக்கும் வழக்கத்தை 1870இல் மெய்ஜி அரசு தடை செய்ய வேண்டியிருந்தது. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையில் உணவு முடித்த கோவலனுக்குக் கண்ணகி வெற்றிலை பாக்குத் தருகிறாள். தாம்பூலம் மங்கலமாகவும் விருந்தோம்பலாகவும் இருந்த சமூகத்தில் சிவந்த வாய் சிறப்பாகவே கருதப்பட்டது. காவியேறிய பல் இழிவாக எண்ணப்படவில்லை.

பல்லின் நிலையை இழிவாக நோக்கிய சான்று முற்றிலும் இல்லாமலில்லை. திகம்பர சமண முனிவர்க்குரிய இருபத்தெட்டு மூலகுணங்களுள் பல் துலக்காமை ஒன்று. உடற்பற்றை ஒழிக்கும் நோன்பாக அவர்கள் மேற்கொண்ட இதனை 7ஆம் நூற்றாண்டுச் சைவத் திருமுறைப் பாடல்கள் அழுக்கேறிய வாயினர் எனப் பழித்தன. ஒரு சமயத்தின் துறவு மற்றொரு சமயத்தின் வசையாயிற்று. இங்கும் பழிக்கப்பட்டது அழுக்கே எனினும், பிறர் வாயைப் பார்த்து அவரது ஒழுக்கத்தை அளக்கும் நோக்கு இதில் தெளிவாகத் தெரிகிறது. இந்நோக்கின் பிற்கால வடிவத்தைக் கட்டுரையின் இறுதியில் காணலாம்.

மேலைநாட்டுச் சான்றுகள்

மரபை மிகையாக வாசிப்பது தமிழர்க்கு மட்டும் உரியதன்று. உரோமானியர் சிறுநீரால் பல்லை வெண்மையாக்கினர் என்பது உலகெங்கும் பரவிய செய்தி. இதற்கு அடிப்படையாகும் கட்டுல்லசின் 39ஆம் கவிதை ஒரு வசைப்பாடல். எப்போதும் பல்லைக் காட்டிச் சிரிக்கும் எக்னேசியசு என்பவனை, அவன் பிறந்த செல்ட்டிபேரிய நாட்டு வழக்கத்தைச் சுட்டி அக்கவிஞர் எள்ளுகிறார். ஸ்ட்ராபோவும் டியோடோரசும் இவ்வழக்கத்தை ஐபீரிய மக்களுக்கே உரியதாகக் குறிக்கின்றனர். பிறர் மீது உரோமானியர் சுமத்திய இழிவே பிற்காலத்தில் உரோமானியரின் வழக்கமாகத் திரிந்தது.

உரோமானியர் பயன்படுத்திய பொடிகள் பற்றி நேரடிச் சான்று உண்டு. கி.பி. 1ஆம் நூற்றாண்டு மருத்துவர் ஸ்கிரிபோனியசு லார்கசு, அகஸ்டசின் உடன்பிறந்தாள் ஒக்டேவியா பயன்படுத்திய பற்பொடியைக் குறிக்குமிடத்தில், அது பற்களை ஒளிரச் செய்வதோடு உறுதியும் தரும் என்கிறார். பல்லின் தோற்றம் நோக்கமாக இருக்குமிடத்தில் மருத்துவ நூல் அதனை வெளிப்படையாகவே கூறும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. மேற்கண்ட இந்திய நூல்களின் மௌனம் இதனோடு ஒப்பிடுகையில் பொருளுடையதாகிறது. மௌனம் மட்டுமே முடிந்த சான்றாகாது என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும் ‘முன்னோர் வெண்மையாக்கினர்’ எனச் சொல்வோரே அதற்குச் சான்று காட்டக் கடமைப்பட்டவர்.

‘மேலைநாட்டார் கரியை இகழ்ந்தனர்’ என்னும் கூற்றும் பாதி உண்மையே. 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் கரிப் பற்பொடிகள் தாராளமாக விற்கப்பட்டன. அதனினும் வியப்பானது, அந்நாட்டு மருந்துக் கடைகள் வெண்களிமண் சிமிழ்களில் விற்ற ‘பாக்குப் பற்பசை’. நம் ஊரில் வெற்றிலையோடும் சுண்ணாம்போடும் சேர்ந்து பல்லைக் காவியாக்கிய பாக்கு, அங்கே பல்லைத் தூய்மையாக்கும் கீழைநாட்டுப் பொருளாக விலைபோயிற்று. அச்சிமிழ்களின் மூடிகள் இன்று பழம்பொருள் சேகரிப்போரின் கைகளில் உள்ளன. எனவே கரியை ஒரு நாட்டின் தனிச்சொத்தாகவும் அதன் மறுவருகையைத் திருட்டாகவும் காண்பதற்கு வரலாறு இடந்தரவில்லை. அடுப்பெரிந்த இடமெல்லாம் கரி பல்லைத் தேய்த்தது.

உண்மையில் பல்லின் நிறத்தையே மாற்றும் முறை உராய்வைச் சார்ந்ததன்று. ஹைட்ரஜன் பெராக்சைடைப் பல் மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்குப் பயன்படுத்தத் தொடங்கினர். இரவில் அணியும் தட்டில் கார்பமைடு பெராக்சைடை இட்டு வெண்மையாக்கும் முறையை 1989இல் ஹேவுட், ஹேமன் ஆகியோர் ஆய்விதழில் வெளியிட்டனர். இன்றைய பொருளிலான ‘வெண்மையாக்கம்’ இவ்வாறு அண்மைக்காலத்தது. அதனை உமிக்கரியின் மீது ஏற்றிப் பார்ப்பது காலவழு.

கறையும் பழியும்

சொற்பொருள் ஆய்வாக மட்டும் இதனை முடித்துக்கொள்ள இக்கட்டுரையாளரால் இயலவில்லை. தருமபுரி மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளி ஒன்றில் பயின்ற காலத்தில், பழுப்புக் கோடு விழுந்த பற்களையுடைய மாணவர்கள் காலை வணக்கம் முடிந்ததும் தண்ணீர்க் குழாய்க்கு அனுப்பப்பட்டனர். ‘ஒழுங்காகத் துலக்கினால் வெளுக்கும்’ என்பதே ஆசிரியர் கூறிய காரணம். அவர்கள் செங்கல்லை உரைத்துத் தேய்த்தனர், ஈறு கசிந்தது, கோடு அகலவில்லை.

அக்கோடு அழுக்கன்று, ஃபுளோரோசிசு. குழந்தைப் பருவத்தில் எனாமல் உருவாகும்போதே குடிநீரிலுள்ள மிகையான ஃபுளோரைடு அதன் அமைப்பைச் சிதைக்கிறது. நிறமாற்றம் பல்லின் மீது படிந்ததன்று, பல்லிலேயே அமைந்தது. எனவே எப்பொடியாலும் அதனைத் தேய்த்து நீக்க இயலாது. இந்தியாவில் இந்நோயின் கடுமையான வடிவம் முதன்முதலாக மருத்துவ இலக்கியத்தில் பதிவானதும் அன்றைய சென்னை மாகாணத்தில்தான். நெல்லூர்ப் பகுதி மக்களிடம் எலும்புகளையும் தாக்கியிருந்த ஃபுளோரோசிசை 1937இல் ஷார்ட்டும் அவர்தம் குழுவினரும் விவரித்தனர். இந்தியத் தரநிலை குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் ஃபுளோரைடையே ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர்வழி இல்லாதபோது 1.5 மில்லிகிராமை மேல்வரம்பாகவும் கொள்கிறது. தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீர் பல இடங்களில் இவ்வரம்பைக் கடந்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிசுத் தணிப்பு என்பதும் இடம்பெற்றுள்ளது. காவிரி நீரை அம்மாவட்டங்களுக்குக் கொண்டுசெல்லும் அத்திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது.

வெண்மையே தூய்மை என்னும் சமன்பாடு விளம்பரத்தின் வழி வந்ததா, பள்ளிச் சுகாதாரப் பாடத்தின் வழி வந்ததா என்பதை 20ஆம் நூற்றாண்டுத் தமிழ் இதழ்களையும் பாடநூல்களையும் கொண்டு தனியே ஆராய வேண்டும். தண்ணீர்க் குழாயடியில் செங்கல் உரைத்த மாணவர்களின் பல் 2013க்கு முன்பே முளைத்துவிட்டது. காவிரி நீர் அவர்தம் குழந்தைகளின் பல்லைக் காக்கலாம். அவர்கள் பல்லிலுள்ள கோடு அப்படியே இருக்கிறது.