மேல்வீட்டறையும் கிறிஸ்தியான்பேட்டையும்

அப்போஸ்தலர் நடபடிகளின் முதல் அதிகாரத்தில் நிகழ்ச்சி என்று சொல்லத்தக்கது மிகக் குறைவு. எருசலேமில் ஒரு மேல்வீட்டறை. ஏறத்தாழ 120 பேர். யூதாசின் இடத்திற்கு மத்தியாவைத் தெரிந்துகொண்டதைத் தவிர, அவர்கள் பெந்தெகொஸ்தே நாள்வரை செய்தது வேண்டுதலும் காத்திருத்தலுமே. அவர்தம் நிலையைத் தமிழ் வேதாகமம் ‘ஒருமனப்பட்டு’ என்னும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறது. இருத்தலை முல்லைக்கு உரிப்பொருளாக வகுத்த மரபினர்க்கு இஃது அயலான செய்தியன்று. ஆயின் முல்லையில் ஆற்றியிருப்பவள் ஒருத்தி. இங்கோ ஒரு கூட்டம். கூட்டமாகக் காத்திருப்பதே அரிது.

அவ்வரிய செயல் இம்மாவட்டத்து மண்ணிலும் நிகழ்ந்தது. வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டை, யோவான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810-1867) அமைத்த சிற்றூர். திருப்பாற்கடல்நாதன் கவிராயரிடம் தமிழ் பயின்ற இரேனியசு ஐயரின் மாணவர் அருளப்பன். பின்னர் அந்தோணி நாரிசு குரோவ்சு என்பாரின் நட்பால், எந்தச் சங்கத்தின் சம்பளமும் பெறாமல் ஊழியம் செய்யத் துணிந்தார். குருப்பட்டம் இல்லாதாரும் அப்பம் பிட்கலாம் என்ற கொள்கையை மிஷன் சங்கத்தார் விரும்பவில்லை. ஒருமைப்பாட்டை நாடிய மனிதருக்கு இப்பிரிவு நேர்ந்ததும் வரலாற்றின் முரணே.

1857-59 ஆண்டுகளில் அமெரிக்காவிலும் வட அயர்லாந்திலும் எழுந்த எழுப்புதலின் செய்தி இங்கும் எட்டியது. சபை வேண்டுதலில் நிலைத்தது. 1860 மார்ச்சில், கிறிஸ்தியான்பேட்டையில் காத்திருந்தோரிடையே அழுகையும் நடுக்கமும் பாவ அறிக்கையும் தோன்றின. தரிசனங்களும் அந்நிய பாஷைகளும் உண்டாயின. திருநெல்வேலிச் சபைகளுக்கும் இவ்வெழுச்சி பரவிற்று. வெள்ளைக்காரர் தலைமையின்றி உள்ளூராரால் எழுந்தது என்பதே இதன் தனிச்சிறப்பு. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து அசூசாத் தெரு எழுப்புதலோ 1906இல்தான் நிகழ்ந்தது. மிஷனரிமாருள் சிலர் மகிழ்ந்தனர், சிலர் ஐயுற்றனர். மெய்ப்பாடுகளை மட்டும் கண்டவர்க்கு ஐயம் இயல்புதான்.

அருளப்பன் மறைந்தபின், 1873இல் அவர்வழி வந்தோரால் திருவிதாங்கூரிலும் அனல் பற்றியது. அங்கே தமிழ்ப் பிராமணக் குடும்பத்தினரான யுஸ்தூஸ் யோசேப்பு, வித்துவான்குட்டி எனப் பெயர்பெற்ற பாவலர், 1881இல் ஆண்டவர் மீண்டும் வருவார் என ஆண்டு குறித்தார். எதிர்நோக்கி இருந்தோர் ‘யுயோமய’ சபையாகத் தனியே பிரிந்தனர். மேல்வீட்டறையினருக்கோ, காலங்களை அறிவது அவர்களுக்கு உரியதன்று என முன்னரே சொல்லப்பட்டிருந்தது. நாள் அறியாமலே அவர்கள் ஒன்றுகூடி இருந்தனர். 1881 கடந்தது. வித்துவான்குட்டியின் சபை தேய்ந்தது. அவர் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத் திருச்சபைகள் இன்றும் பாடுகின்றன.