வானம் சொல்லும் விலாசம்

2017, ஜனவரி 28. அதிகாலை. எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. ஒன்று, காஸ் இறக்கிவிட்டுக் கிளம்பிய ‘பி.டபிள்யூ. மேப்பிள்’. இன்னொன்று, எண்ணெயோடு உள்ளே வந்துகொண்டிருந்த ‘டான் காஞ்சிபுரம்’. கொட்டிய எண்ணெய், எர்ணாவூர் கரையில் தார் மாதிரி அப்பிக்கொண்டது. பக்கெட்டால் மொண்டு மொண்டு அள்ளினார்கள். ஆமைகள் செத்து ஒதுங்கின. காசிமேட்டில் மீன் வாங்கவே ஜனங்கள் பயந்தார்கள்.

இந்த ரகக் கப்பல்களில் ஜி.பி.எஸ்., ராடார், பக்கத்தில் வரும் கப்பல் எது என்று காட்டும் ஏ.ஐ.எஸ். கருவி எல்லாமே உண்டு. தான் எங்கே இருக்கிறோம் என்பது சில மீட்டர் சுத்தமாகத் தெரியும். அப்புறமும் டமால்!

‘இருக்கிற இடம் தெரிஞ்சும் எப்படிங்க மோதினாங்க?’ என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா? நியாயமான கேள்வி. அதற்கு வழிகாட்டும் பெட்டியின் கதையைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெட்டியே இல்லாத காலத்தில் கட்டுமர மீனவர் என்ன செய்தார்? கரையைத் திரும்பிப் பார்த்தார். கோயில் கோபுரமும் பனங்கூட்டமும் ஒரே கோட்டில் தெரிகிறதா? இன்னொரு பக்கம் கலங்கரை விளக்கமும் ஏதோ ஒரு புகைபோக்கியும் ஒரே கோட்டில் வருகிறதா? இரண்டு கோடும் வெட்டும் இடத்தில்தான் போன வாரம் மீன் கிடைத்த பாறை! இரவானால் நட்சத்திரம். வாடையா, கச்சானா என்று காற்றைத் தொட்டுப் பார்த்தே திசை சொல்லிவிடுவார்கள்.

ஆகாயத்திலும் அதே கதைதான். 1932 அக்டோபர் 15-ம் தேதி, கராச்சியிலிருந்து தபால் மூட்டையோடு ‘பஸ் மாத்’ என்ற குட்டி விமானத்தில் கிளம்பினார் ஜே.ஆர்.டி. டாட்டா. பம்பாய் வரை அவர் ஓட்ட, அங்கிருந்து பெல்லாரி வழியாக மெட்ராஸுக்கு ஓட்டி வந்தவர் நெவில் வின்சென்ட். விமானத்தில் ரேடியோகூடக் கிடையாது. கையில் வரைபடம், திசைகாட்டி. மற்றபடி கீழே தெரிகிற தரைதான் துணை!

வழி தவறினால் என்ன ஆகும் என்பதை உலகம் 1983 செப்டம்பர் 1-ம் தேதி ரத்தத்தில் படித்தது. நியூயார்க்கிலிருந்து சியோல் போன கொரிய விமானம் பாதை விலகி, சோவியத் எல்லைக்குள் நுழைந்துவிட்டது. சுட்டு வீழ்த்தினார்கள். 269 பேரும் பலி. அந்த மாதமே அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அரசு, ராணுவத்துக்காகத் தயாராகிக்கொண்டிருந்த ஜி.பி.எஸ்ஸை பொதுமக்களுக்கும் தருவோம் என்று அறிவித்தது. தந்தார்கள்... ஆனால், சுமார் 100 மீட்டர் வரை தப்பாகக் காட்டும்படி வேண்டுமென்றே கெடுத்துத் தந்தார்கள்! 2000-ம் ஆண்டு மே மாதம்தான் கிளிண்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்தினார். அதன் பிறகுதான் கைக்கடக்கமான பெட்டிகள் படகுகளில் சர்வசாதாரணமாக ஏறின. பாறை இருக்கும் இடம் இரண்டு எண்களாகச் சுருங்கிவிட்டது.

சரி, இங்கேதான் ஒரு சூட்சுமம். ஜி.பி.எஸ். பெட்டிக்குக் காது மட்டுமே உண்டு. வாய் கிடையாது. 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் நேரம் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தது நான்கு கோள்களின் நேரத்தைக் கேட்டு, பெட்டி நம் இடத்தைக் கணக்குப் போடும். அவ்வளவுதான்! நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்று உங்களிடம் சொல்லும், ஊருக்குச் சொல்லாது. புயல் வருகிறது என்று உங்களிடமும் சொல்லாது.

2017 நவம்பர் கடைசியில் கன்னியாகுமரிக் கடலில் ஒக்கி புயல் அடித்தபோது நடந்தது இதுதான். ஆழ்கடல் போன படகுகளில் ஜி.பி.எஸ். இருந்தது. கரையிலிருந்து 10, 12 கிலோமீட்டர் தாண்டினால் செல்போன் செத்துவிடுமே... எச்சரிக்கை எப்படிப் போகும்? நூற்றுக்கணக்கான மீனவர்கள் திரும்பவில்லை.

அந்தச் சோகத்துக்குப் பிறகு, 2019-ல் வந்தது ‘ஜெமினி’ என்ற சின்னப் பெட்டி. விமானங்களுக்காக இஸ்ரோவும் விமானநிலைய ஆணையமும் சேர்ந்து உருவாக்கிய ‘ககன்’ சேவை வழியாகப் புயல் எச்சரிக்கையை வாங்கி, புளூடூத் மூலம் மீனவரின் செல்போனில் காட்டும். இன்று குட்டி விமானம் ஓட்டுகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள். தொடையில் டேப்லெட்டைக் கட்டிக்கொண்டு, தனி ரிசீவரை புளூடூத்தில் இணைத்துக்கொள்கிறார்கள். ஏனென்றால், வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் ஜி.பி.எஸ். சிப்பே கிடையாது! விமானிக்கென்று வந்த சேவை படகுக்கும் காதாகிவிட்டது. ஆனால், ஜெமினிக்கும் வாய் இல்லை. வாயும் உள்ள டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது.

‘நம்ம ஊர் செயற்கைக்கோள் இருக்கே?’ என்பீர்கள். இருக்கிறது. பழவேற்காடு ஏரிக்கு அந்தப் பக்கம், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2013 ஜூலை 1-ம் தேதி முதல் கோள் கிளம்பியது. ‘நாவிக்’ என்று பெயர். நான்கு வருஷத்துக்குள் அந்தக் கோளின் மூன்று அணுக் கடிகாரங்களும் நின்றுபோயின! கடிகாரம் ஒரு மைக்ரோ செகண்ட் பிசகினால் தரையில் 300 மீட்டர் பிசகும், கடிகாரமே நின்றால்? 2023-ல் நம் நாட்டிலேயே செய்த அணுக் கடிகாரத்தோடு ஒரு கோள் போனது. 2025 ஜனவரியில் அனுப்பிய அடுத்த கோளோ சேரவேண்டிய சுற்றுப்பாதைக்குப் போகவில்லை.

நல்ல கோளாக இருந்தாலும் அதன் குரலில் பொய் பேச முடியும். 2025 நவம்பரில் டெல்லியில் இறங்க வந்த சில விமானங்களுக்குப் போலி சிக்னல் வந்ததாக மத்திய அரசே நாடாளுமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தரையில் உள்ள பழைய ரேடியோ வழிகாட்டிகளை இன்னும் கழற்றிப் போடாமல் வைத்திருப்பது இதற்காகத்தான்.

ஆகவே, வழிகாட்டும் பெட்டி வாங்கப் போகிறவர், படகோ விமானமோ, விலைக்கு முன்னால் மூன்று கேள்வி கேட்கட்டும். எச்சரிக்கை இதன் காதில் விழுமா? ஆபத்தென்றால் இதற்குக் கத்தத் தெரியுமா? இது பொய் சொன்னால் கண்டுபிடிக்க என்னிடம் வேறு என்ன இருக்கிறது?

முதல் இரண்டுக்கும் கடையில் பதில் கிடைக்கும். மூன்றாவதற்கு, கட்டுமரக்காரர் மாதிரி அவ்வப்போது தலையைத் தூக்கிக் கரையைப் பார்க்க வேண்டும். எண்ணூரில் மோதிய கப்பல்களும் அதைத்தான் சொல்கின்றன. இருக்கும் இடத்தைப் பெட்டி சொல்லிவிடும். எதிரே வருகிறவனுக்கு வழிவிடுவது மனிதன் வேலை!