கொன்றை என்ற பெயரில் வந்த மரம்

பதிவு கொஞ்சம் நீளம். டீச்சர் மறுபடியும் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாங்க என்று நினைத்துப் பொறுமையாகப் படியுங்கள்.

நம் பழைய மாணவர் குழுவில், பள்ளிச் சாலையில் நட வேண்டிய கன்றுகளின் பட்டியல் ஒன்றைப் போட்டிருந்தார்கள். 2011 டிசம்பர் 30-ஆம் தேதி தானே புயல் சாய்த்த மரங்களுக்கு ஈடாக நம் மாவட்டத்தில் இன்னும் எவ்வளவோ நட வேண்டியிருக்கிறது. நல்ல முயற்சி, மறுப்பே இல்லை. ஆனால் பட்டியலில் நான்காவதாக 'மஞ்சள் கொன்றை - 50' என்று இருந்தது. சீக்கிரம் வளருமாம். அதன் கீழே ஒருவர், "நம்ம நடராசர் சூடும் கொன்றை, கட்டாயம் வைக்கணும்" என்று எழுத, பத்துப் பேர் கைகூப்பியிருந்தார்கள். அந்த ஐம்பது கன்றுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சிவபெருமான் சூடுவது சரக்கொன்றை. நர்சரிக்காரர் மஞ்சள் கொன்றை என்று தருவது பெரும்பாலும் வேறு மரம். அதன் கதையைக் கேளுங்கள்.

அதன் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டத்தின் வெப்பப் பகுதி. பிரான்சில் மோன்பெல்லியே தாவரவியல் தோட்டத்தைக் கவனித்துவந்த தெ கந்தோல் என்ற அறிஞர் 1813-இல் அதற்குக் 'காசியா ஸ்பெக்டாபிலிஸ்' என்று பெயர் வைத்தார். பின்பாதிக்கு 'கண்ணைக் கவர்வது' என்று பொருள். நம் சரக்கொன்றை 'காசியா ஃபிஸ்டுலா'. ஆக, தாவரவியல்காரர்களே ரொம்ப காலம் இரண்டுக்கும் ஒரே குடும்பப் பெயர் போல ஒன்றைத்தான் வைத்திருந்தார்கள். 1982-இல்தான் இர்வின், பார்னபி என்ற இருவர் அதைப் பிரித்து 'சென்னா' என்ற இனத்தில் சேர்த்தார்கள். படித்தவர்களே அவ்வளவு காலம் எடுத்துக்கொண்டார்கள் என்றால் நம் குழுவைக் குறை சொல்ல முடியுமா?

அழகுக்காக வந்து அல்லலாகிப்போன செடிகள் நம் நாட்டுக்குப் புதிதல்ல. உண்ணிச்செடி 1809 வாக்கில் கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச் செடியாகத்தான் வந்தது. ஏரி குளத்தை மூடும் ஆகாயத் தாமரையும் பூவுக்காக வந்ததே. சீமைக் கருவேலம் மட்டும் விறகுக்காக வந்தது. 1877-இல் கடப்பைப் பக்கம் விதைத்தார்கள். இன்று நம் கடலூர்ப் பக்கத்து வாய்க்கால் கரைகளில் அது எப்படி நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

மஞ்சள் கொன்றையை வயநாட்டில் 1980-களில் சமூகக் காடு வளர்ப்புத் திட்டத்தில் முத்தங்கா பக்கம் சாலையோர நிழல் மரமாக வைத்தார்கள். ரோட்டோரத்தில் வைத்தது காட்டுக்குள் இறங்கிவிட்டது. விஷுவுக்குக் கணிக்கொன்னை வைத்து வணங்கும் மலையாளிகள், முதலில் இதையும் மஞ்ஞக்கொன்னை என்று செல்லமாகத்தான் அழைத்தார்கள். இப்போது அதற்கு ராட்சசக்கொன்னை என்று இன்னொரு பெயரும் வந்துவிட்டது. பக்கத்திலேயே இருக்கும் நம் முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களிலும், கர்நாடகத்துப் பந்திப்பூரிலும் இதே மரம்தான் தொல்லை. தான்சானியாவில் சிம்பன்சிகள் வாழும் மகாலே மலைக்காட்டிலும், உகாண்டாவின் புடோங்கோ காட்டிலும் இதே கதை.

அப்படி என்ன செய்கிறது? மானும் காட்டெருமையும் இதன் இலையைச் சீண்டுவதில்லை. அடர்ந்த நிழலில் கீழே புல் முளைப்பதில்லை. புல் இல்லாவிட்டால் மான் இல்லை, மான் இல்லாவிட்டால் புலிக்கு என்ன இருக்கிறது? பசிக்கிற யானை ஊருக்குள் வராமல் எங்கே போகும்? காய் காய்த்துக் கொட்டும் விதைகளோ, ஒரு மழைக்கே நாற்றங்கால் மாதிரி முளைத்துவிடும்.

வெட்டினால் போகும் என்று நினைப்பீர்கள். அங்கேதான் வினை. அடிக்கட்டையிலிருந்து ஒன்றுக்குப் பத்தாகத் துளிர்க்கும். வெட்டியவன் நட்டவனாகிவிடுவான். அதனால் சின்னக் கன்றுகளை மழைக்காலத்தில், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்குகிறார்கள். பெரிய மரத்தை நிற்க வைத்தே, நெஞ்சு உயரத்திலிருந்து தரைவரை பட்டையைச் சுற்றிலும் உரித்துவிடுகிறார்கள். இலை சமைக்கிற உணவு வேருக்கு இறங்குவது பட்டை வழியாகத்தான். அந்த வழி அடைபட்டால் வேர் பட்டினி கிடந்து, மரம் மெல்லக் காயும். நடுவில் எட்டிப்பார்க்கும் துளிரைத் திரும்பத் திரும்பப் போய் ஒடிக்க வேண்டும். ஒரு நாள் முகாம் போட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிற வேலை இல்லை இது.

சென்னை உயர்நீதிமன்றமும் இந்த அயல் மரங்கள் விஷயத்தில் அரசை விடாமல் கேள்வி கேட்டது. 2022-இல் தமிழ்நாடு அரசு இவற்றுக்கென்றே ஒரு கொள்கை வெளியிட்டது. கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கிற அரசுக் காகித ஆலை, கரும்புச் சக்கையில் காகிதம் செய்வது, முதுமலைப் பக்கத்து மஞ்சள் கொன்றையைக் கூழுக்கு எடுத்துக்கொள்ளவும் ஏற்பாடு நடந்தது. உங்கள் பேரப்பிள்ளை எழுதுகிற தாளில் அந்த மரமும் கொஞ்சம் இருக்கலாம்!

இனி அடையாளம். தம்பிகளா, பூவின் நிறத்தைப் பார்க்காதீர்கள், எல்லாமே மஞ்சள். பூங்கொத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். சரக்கொன்றை பேருக்கேற்றபடி சரம் சரமாகக் கீழே தொங்கும், சித்திரை வைகாசியில். மஞ்சள் கொன்றையின் கொத்து கிளை நுனியில் மேல்நோக்கி நிமிர்ந்து நிற்கும், ஆவணி புரட்டாசி ஐப்பசியில். பூ இல்லாத மாதத்தில் இலை: சரக்கொன்றைக்கு ஒரு காம்பில் நாலு முதல் எட்டு ஜோடி, ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம். மற்றதற்குப் பத்து, பதினைந்து ஜோடிகூட இருக்கும், சிறிசு, நுனி கூர்மை. காய்: நீங்கள் சின்ன வயதில் ஒடித்து வாள்சண்டை போட்டீர்களே, முழ நீளக் கருப்புக் குழல், உள்ளே புளி மாதிரி சதை, அது சரக்கொன்றை. மற்றது விரலைவிட மெல்லிசு, ஒரு சாண் அளவு.

இன்னும் இரண்டு மரங்கள் இந்தக் குழப்பத்தில் மாட்டும். நம் தெருக்களில் மஞ்சளாகக் கொட்டிக்கிடக்குமே, பெருங்கொன்றை என்றும் இயல்வாகை என்றும் சொல்லும் மரம், அதற்குப் புளியிலை மாதிரி பொடி இலை, துரு நிறத்தில் தட்டைக் காய். சாலையோரத்தில் இன்னொன்று, சியாம் நாட்டுக் கொன்றை. அதற்கும் தட்டைக் காய், இலை நுனி மழுங்கல். அதையும் சிலர் மஞ்சள் கொன்றை என்றே சொல்வார்கள். இதனால்தான் எனக்கு இன்னொரு பயம். செய்தியைப் படித்துவிட்டு யாராவது ஆர்வத்தில் அரிவாளோடு கிளம்பி, கோயில் வாசல் சரக்கொன்றையை வெட்டிவிடப் போகிறார்கள். நம் சிதம்பரத்துக்குப் பெயர் தந்த தில்லை மரத்தையே இன்று பிச்சாவரத்து உப்பங்கழியில் போய்த்தான் கூட்டமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. கொன்றைக்கும் அந்த கதி வேண்டாம். சந்தேகம் இருந்தால் இலை, காய், பூ மூன்றையும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். மரம் ஓடிப்போகாது.

பட்டியலில் அந்த ஐம்பதை அடித்துவிட்டு பூவரசு, புங்கன், புன்னை, நாவல், இலுப்பை என்று பிரித்து எழுதுங்கள். கடற்கரைக் காற்றுக்குப் புன்னையும் பூவரசும் நின்று தாங்கும். கொன்றை கட்டாயம் வேண்டும் என்றால் சரக்கொன்றை விதை என் வீட்டில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருக்கிறது. தோல் கல் மாதிரி கெட்டி. கொதித்து இறக்கிய தண்ணீரில் போட்டு, அப்படியே ஒரு ராத்திரி ஊறவிட்டு விதைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குமேல் வாருங்கள். பை நீங்களே கொண்டு வரணும்.