புரியாத தாளில் ஒரு கையெழுத்து

குடியேறிகளின் வைத்தியம் பற்றிப் பேச்சு வந்தாலே 'பண்பாட்டு வேறுபாடு', 'மொழித் தடை' என்று இரண்டு சொற்கள் முன்னால் வந்து நின்றுவிடுகின்றன. ரொம்பவும் அப்பாவியான சொற்கள். டாக்டர் மேலும் தப்பில்லை, நோயாளி மேலும் தப்பில்லை, மொழிதான் குறுக்கே நின்றுவிட்டது என்பதுபோல. இந்தச் சொற்கள் ஒரு நீதிமன்றத்தில் என்ன வேலை செய்தன என்று பார்ப்போம்.

1960களின் இறுதியிலிருந்து 1970களின் முற்பகுதிவரை லாஸ் ஏஞ்சலஸ் கவுண்ட்டி பொது மருத்துவமனைக்குப் பிரசவத்துக்கு வந்த மெக்சிகோ வம்சாவளிப் பெண்கள் பலருக்குக் கருத்தடை அறுவை நடந்தது. பெரும்பாலும் ஸ்பானிஷ் பேசும் ஏழைகள். வலியில் துடிக்கும்போது, சிசேரியனுக்குத் தயார் செய்யும்போது, ஆங்கிலத் தாளை நீட்டிக் 'கையெழுத்துப் போடு' என்றிருக்கிறார்கள். குழாயைக் 'கட்டுவது' என்று கேட்டவர்களில் சிலர், கட்டினதை அப்புறம் அவிழ்த்துக்கலாம் என்றே நம்பினார்கள். வெட்டிவிட்டார்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது.

அங்கே பயிற்சி மருத்துவராக இருந்த பெர்னார்ட் ரோசன்ஃபெல்ட் விஷயத்தை வெளியே கொண்டுவந்தார். 1975இல் பத்துப் பெண்கள் வழக்குப் போட்டார்கள்: மாட்ரிகல் எதிர் குவில்லிகன். அன்டோனியா ஹெர்னாண்டஸும் சார்லஸ் நபரேட்டேயும் வாதாடினார்கள். மானுடவியலாளர் கார்லோஸ் வேலஸ்-இபான்யெஸ் அந்தப் பெண்களுக்காகச் சாட்சி சொன்னார். அவர்களுடைய கிராமப் பின்னணியில் பிள்ளை பெறுதல் என்பது மணவாழ்வோடும் உறவோடும் மதிப்போடும் பின்னிக் கிடப்பது. அதை இழந்தது எவ்வளவு பெரிய சேதம் என்று விளக்கினார்.

நீதிபதி ஜெஸ்ஸி கர்டிஸ் இதை மறுக்கவில்லை. அப்படியே திருப்பிப் போட்டார். இவ்வளவு தனித்த பண்பாடு என்றால் டாக்டர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்? நடந்தது வெறும் தொடர்புக் கோளாறு. டாக்டர்கள் நல்லெண்ணத்தோடுதான் நடந்துகொண்டார்கள். 1978இல் வந்த தீர்ப்பு இதுதான். காயத்தின் ஆழத்தைக் காட்டக் கொண்டுவந்த பண்பாடு, காயப்படுத்தியவருக்கு விடுதலைப் பத்திரமானது.

இங்கே ஒரே தடைக்கு இரண்டு எடைக்கற்கள். டாக்டருக்கு ஸ்பானிஷ் தெரியாதது குற்றமில்லை. பெண்ணுக்கு ஆங்கிலம் தெரியாதது அவள் பாடு. அதுவும் எந்த ஊரில்? 1781இல் ஸ்பானிஷ் பேசியவர்கள் நிறுவி, 1848வரை மெக்சிகோவுக்குச் சொந்தமாயிருந்த ஊரில். யார் மொழி 'தடை' ஆகிறது என்பதை அதிகாரம்தான் தீர்மானிக்கிறது.

இதற்கு முன்கதையும் உண்டு. 1909இல் கலிஃபோர்னியா கொண்டுவந்த கட்டாயக் கருத்தடைச் சட்டத்தின் கீழ், அரசு விடுதிகளில் அடைபட்டிருந்த சுமார் 20,000 பேர் மலடாக்கப்பட்டார்கள். 1979இல்தான் அது நீக்கப்பட்டது. இந்தப் பெண்களுக்கு நடந்தது அந்தச் சட்டத்தின் கீழ் அல்ல. ஆனால் யாருடைய பிறப்பு உபரி என்ற கணக்கு அதே கணக்குத்தான்.

வழக்கில் தோற்றார்கள், போராட்டம் வீண் போகவில்லை. கூட்டாட்சி அரசு தன் நிதியில் நடக்கும் கருத்தடைக்கு 1978இல் விதிகளை இறுக்கியது: சம்மதத்துக்கும் அறுவைக்கும் இடையே 30 நாள், பிரசவ வலியின்போது சம்மதம் வாங்கக் கூடாது, மொழி தெரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். கவனியுங்கள், இதில் எதற்கும் டாக்டர் மெக்சிகோப் பண்பாட்டைக் கரைத்துக் குடித்திருக்கத் தேவையில்லை. அவள் 'மாட்டேன்' என்று சொல்ல நேரமும் மொழியும் இருந்தால் போதும்.

2018இல் கவுண்ட்டி நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. நாற்பது வருஷம் கழித்து. இனி எவராவது 'அந்தச் சனங்களுக்கு விழிப்புணர்வு போதாது' என்று ஆரம்பித்தால், நாம் கேட்க வேண்டியது இதுதான்: அந்தத் தாளை எந்த மொழியில் அடித்தீர்கள், எந்த நேரத்தில் நீட்டினீர்கள்?