காரைக்கால் காத்தும் நாலரை மில்லிமீட்டர் ஈயமும்

நம்ம பக்கத்துப் பசங்க ஏர் கன் பத்திப் பேச ஆரம்பிச்சா சுத்திச் சுத்தி ஒரே இடத்துல வந்து நிப்பாங்க. "கடலோரக் காத்து ஆளையே தள்ளுது. இதுல பாயின்ட் 177 எப்படி நிக்கும்? பாயின்ட் 22 வாங்கிடலாம்ல?"

கேள்வி நியாயமானதுதான். ஆடிக் காத்துல அம்மியே பறக்கும்னு பழமொழி வச்சிருக்கிற நாடு இது. காரைக்கால்ல ஆனி, ஆடியில பகலெல்லாம் மேலக் காத்து, சாயங்காலமானா கடல் காத்து, ஐப்பசிக்கு மேல வாடை. காத்து இல்லாத நாளைத் தேடித்தான் பிடிக்கணும். பெரிய குண்டு காத்தைத் தாங்கும்னு யாருக்கும் தோணும். ஆனா இந்த காலிபர் அளவெல்லாம் எங்கேருந்து வந்துச்சுன்னு பின்னாடி போய்ப் பார்த்தா கதை வேற மாதிரி இருக்கு.

முதல்ல கணக்கு. பாயின்ட் 177 என்பது குழலின் உள் விட்டம், அங்குலத்தில். மில்லிமீட்டர்ல சொன்னா 4.5. பாயின்ட் 22 என்பது 5.5. பாயின்ட் 25 என்பது 6.35.

காற்றுத் துப்பாக்கின்னா பொம்மைன்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு தகவல். 1780 வாக்கில் ஆஸ்திரியப் படை ஜிரார்டோனி என்பவர் வடிவமைச்ச காற்றுத் துப்பாக்கியைப் போருக்கே வச்சிருந்தது. குண்டு கிட்டத்தட்ட அரை அங்குலம். அமெரிக்காவில் 1803 முதல் 1806 வரை மேற்குக் கரைக்குப் பயணம் போன லூயிஸ், கிளார்க் குழுவும் ஒரு காற்றுத் துப்பாக்கியை எடுத்துட்டுப் போச்சு. ஆக, ஆரம்பத்துல குண்டு பெருசாத்தான் இருந்திருக்கு.

சின்ன குண்டு பிரபலமானது நூறு வருஷம் கழிச்சு, இங்கிலாந்துல. பி.எஸ்.ஏ. சைக்கிள் தெரியும்ல? அந்தப் பேரோட மூலக் கம்பெனி பர்மிங்காம்ல துப்பாக்கி செஞ்ச கம்பெனி. 1905 வாக்கில் அவங்க ஏர் ரைபிள் விக்க ஆரம்பிச்சாங்க. பாயின்ட் 177க்கு ஒண்ணாம் நம்பர், பாயின்ட் 22க்கு ரெண்டாம் நம்பர், பாயின்ட் 25க்கு மூணாம் நம்பர்னு பேர். அங்கே மதுக்கடைகளுக்குள்ளேயே போட்டி நடக்கும். சில கெஜம் தள்ளி ஒரு இரும்புத் தகடு, அதுல சின்ன ஓட்டை, ஓட்டைக்குப் பின்னாடி மணி. குண்டு ஓட்டைக்குள்ள போனா மணி அடிக்கும். நாலு சுவத்துக்குள்ள ஏது காத்து? சின்ன குண்டே போதும்னு ஆச்சு.

அப்புறம் ஜெர்மனி. இரண்டாம் உலகப் போர்ல தோத்த பிறகு அங்கே துப்பாக்கிகளுக்குத் தடை. தடை தளர்ந்தப்போ முதல்ல திரும்பி வந்தது காற்றுத் துப்பாக்கிதான். சுடுதல் கழகங்கள் அதை வச்சே மறுபடி எழுந்தன. பத்து மீட்டர் தூரம், 4.5 மி.மீ. குண்டு, கூரைக்குக் கீழே. 1966ல் இந்தப் பிரிவு உலக சாம்பியன்ஷிப்புக்கு வந்தது. 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் ஒலிம்பிக்ஸுக்கும் வந்தது. அதுல ஆண்கள் பிரிவின் முதல் தங்கத்தை வாங்கினவர் பிலிப் எபெர்லே, பிரெஞ்சுக்காரர். 1739லேர்ந்து 1954 வரை (நடுவுல ஆங்கிலேயர் பிடிச்சு வச்சிருந்த வருஷங்கள் போக) பிரெஞ்சுக் கொடி பறந்த ஊர்க்காரங்க இதைத் தெரிஞ்சு வச்சுக்கலாம் :-)

அபினவ் பிந்த்ரா 2008ல் பெய்ஜிங்கில் தங்கம் வாங்கினது இதே பிரிவில். சென்னையில் பிறந்த ககன் நரங் 2012ல் லண்டனில் வெண்கலம் வாங்கினதும் இதே பிரிவில். நம்ம கடலூர்ல பிறந்த இளவேனில் வாலறிவன் 2019ல் ரியோ உலகக் கோப்பையில் தங்கம் சுட்டதும் இதுலதான். எல்லாமே பாயின்ட் 177. எல்லாமே காத்து புகாத அரங்கம்.

ஏன் அப்படி மூடி வச்சாங்கங்கிறதுக்கு பதில் அட்டையிலேயே இருக்கு. பத்துப் புள்ளிக்கான நடுப்பொட்டு வெறும் அரை மில்லிமீட்டர். பக்கவாட்டுல நொடிக்கு நாலு மீட்டர் காத்து (மணிக்குப் பதினாலு கிலோமீட்டர் சொச்சம், காரைக்கால் கணக்குக்கு இளங்காத்து) அடிச்சா, போட்டி ரைபிளோட மெதுவான குண்டு பத்து மீட்டருக்குள்ளேயே ஒரு சென்டிமீட்டர் வாக்கில் நகந்துடும். நாலு வளையம் போச்சு!

சரி, வெட்டவெளியில காத்தோட மல்லுக்கட்டுற போட்டி எதுவுமே இல்லையா? இருக்கு. 1980 வாக்கில் இங்கிலாந்துல ஆரம்பிச்ச 'ஃபீல்ட் டார்கெட்'. வயல்லயும் காட்டுலயும் 55 கெஜம் வரைக்கும் தகரப் பொம்மைகளைச் சாய்க்கணும். அங்கே லைசென்ஸ் இல்லாத ரைபிளுக்கு 1969லேர்ந்து ஒரு வரம்பு: குழலை விட்டு வெளிய வரும்போது குண்டின் ஆற்றல் 12 அடி-பவுண்டு, அதாவது 16 ஜூல் சொச்சம். மழையும் காத்துமா இருக்கிற அந்த ஊர்ல எந்த காலிபரையும் வச்சுக்கலாம். இருந்தும் போட்டிக்கு வர்றவங்க கிட்டத்தட்ட எல்லாருமே வச்சிருக்கிறது பாயின்ட் 177!

இங்கதான் நம்ம பசங்க புருவத்தைத் தூக்குவாங்க. காரணம் சொல்றேன்.

காத்து குண்டைத் தள்ளுற தூரம், குண்டு எவ்வளவு நேரம் பறக்குதுங்கிறதைப் பொறுத்தது இல்லை. காத்தே இல்லாத வெற்றிடத்துல போயிருந்தா ஆகிற நேரத்தை விட எவ்வளவு *தாமதம்* ஆச்சு, அதைப் பொறுத்தது. அந்தத் தாமதத்தைக் காத்தோட வேகத்தால பெருக்கினா விலகல் வந்துடும். பெரிய குண்டுக்கு எடை அதிகம், வழியில வேகத்தைக் கம்மியா இழக்கும். அது நல்லது. ஆனா ஆற்றலுக்கு வரம்பு இருந்தா, எடை ஏறின குண்டு கிளம்பும்போதே மெதுவாத்தான் கிளம்பும். ஒரு கையில கொடுத்ததை இன்னொரு கையில பிடுங்கிக்குது.

நம்ம நாட்டு வரம்பான 20 ஜூலை வச்சு, 25 மீட்டருக்கு, அதே நாலு மீட்டர் காத்துல நான் போட்ட தோராயக் கணக்கு:

பாயின்ட் 177, அரை கிராம் சொச்சம் குண்டு: நொடிக்கு 270 மீட்டர்ல கிளம்பும், விலகல் கிட்டத்தட்ட 3 செ.மீ.
பாயின்ட் 22, ஒரு கிராமுக்குக் கொஞ்சம் குறைவு: 205 மீட்டர்ல கிளம்பும், விலகல் அதே 3 செ.மீ.
பாயின்ட் 25, ஒன்றரை கிராமுக்கு மேல: 155 மீட்டர்ல கிளம்பும், விலகல் 3 செ.மீ.க்குக் கொஞ்சம் கூடவே.
பாயின்ட் 177லேயே கனமான குண்டு, 0.67 கிராம்: 245 மீட்டர்ல கிளம்பும், விலகல் இரண்டரை செ.மீ.க்குள்ள.

பார்த்தீங்களா? காலிபரை மாத்தி ஒண்ணும் ஆதாயம் இல்லை, அதே காலிபர்ல குண்டை மாத்தினா கொஞ்சம் ஆதாயம். இன்னொண்ணு, 35 மீட்டர்ல பாயின்ட் 177 பத்து செ.மீ. கீழ இறங்கும், பாயின்ட் 22 பதினாறுக்கு மேல இறங்கும். தூரத்தை நாலு அடி தப்பாக் கணிச்சா பெரிய குண்டு அதிகமா ஏமாத்தும். அந்த இங்கிலாந்துக்காரங்க அனுபவத்துல கண்டுபிடிச்சது இதைத்தான். பெரிய காலிபர் காத்தை வெல்றது ஆற்றலையும் சேர்த்து ஏத்தினா மட்டும்தான்.

அப்படி ஏத்த முடியுமா? இங்கதான் விஷயம் விளையாட்டு இல்லை, வழக்கு ஆகுது.

இந்திய ஆயுதச் சட்டம் 1959ல் இயற்றப்பட்டு 1962 அக்டோபர் 1ல் அமலுக்கு வந்தது. காரைக்கால் சட்டப்படி இந்தியாவோட இணைஞ்சது அதே வருஷம் ஆகஸ்ட் 16. ஒன்றரை மாச இடைவெளி! முன்னெல்லாம் ஏர் கன்னுக்கு அளவுகோல், ஒரு அங்குல கனமுள்ள மரப்பலகையைக் குண்டு துளைக்குதா இல்லையாங்கிறது. 2016 ஆயுத விதிகள் அதை எண்ணாவே எழுதிடுச்சு: 20 ஜூலைத் தாண்டினாலோ, பாயின்ட் 177ஐத் தாண்டினாலோ லைசென்ஸ் வேணும். அதாவது பாயின்ட் 22 எவ்வளவு சாதுவான துப்பாக்கியா இருந்தாலும் லைசென்ஸ் இல்லாம வச்சிருக்கக் கூடாது.

"யாரோ ஒருத்தர் பழசு ஒண்ணு தர்றாராம், பேப்பர் எதுவும் வேணாமாம்"னு வர்ற பேச்சைக் கேட்டு இருபது வயசுப் பையன் கையை நீட்டினா, காத்துல மூணு செ.மீ. ஜெயிக்கப் போய் (அதுவும் ஜெயிக்காது) கோர்ட்டுப் படி ஏறணும். பாஸ்போர்ட், அரசு வேலைன்னு காத்திருக்கிற பசங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. வாஞ்சூரைத் தாண்டினா சரக்கு விலை மாறலாம். ஆயுதச் சட்டம் ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்.

அப்போ காத்துக்கு என்னதான் வழி? கடல்ல போறவங்க செய்றதுதான். காத்தோட சண்டை போடாம காத்தைப் படிக்கிறது. குழல் நுனியில ஒரு நூல் துண்டைக் கட்டிக்குங்க. ஃபீல்ட் டார்கெட்காரங்க செய்ற வேலை இது. நூல் எந்தப் பக்கம் எவ்வளவு சாயுதுன்னு பாருங்க. இலக்குக்கும் உங்களுக்கும் நடுவுல இருக்கிற புல்லைப் பாருங்க. காத்து ஒரே சீரா அடிக்காது, மூச்சு வாங்கும். அந்த மூச்சு வாங்குற நேரம்தான் உங்க நேரம். காலையில சீக்கிரம் சுட்டா பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

திருவிழாவுல பலூன் சுடுறவங்களுக்கும் இது பொருந்தும். அந்த நாலஞ்சு மீட்டர்ல குண்டு நகர்றது மில்லிமீட்டர் கணக்கு. பலூன் ஆடுறதோ சென்டிமீட்டர் கணக்கு. காத்து குண்டைத் தள்ளிடுச்சுன்னு கடைக்காரர்கிட்ட சண்டைக்குப் போறவங்க, பலூன் நிக்கிற வரைக்கும் பொறுத்தா போதும்.

லைசென்ஸ் வேண்டாங்கிறதால எங்க வேணாலும் சுடலாம்னு அர்த்தம் இல்லை. ஆள் நடமாடுற கடற்கரை கூடவே கூடாது. பறவை பக்கம் திருப்பவே கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஏர் கன்னா பீரங்கியான்னு பார்க்காது. பின்னாடி நல்ல மண்மேடோ சுவரோ இருக்கிற இடமாப் பார்த்து, அட்டையில சுடுங்க.

ஆக, காரைக்கால் பசங்களுக்கு என் பதில்: பாயின்ட் 177, கடையில கிடைக்கிறதுலயே கனமான குண்டு, பில்லோட. மிச்சக் காசுல இன்னும் நாலு டப்பா குண்டு வாங்கி, காத்துலயே சுட்டுப் பழகுங்க.